சிறுவர் படகுக்கும் சொகுசுப் படகின் வரி! பாய்மரப் போட்டிப் பருவத்துக்கான ஆயத்தமும் சுமையும்

புது தில்லி: ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தக்காணத்தை எட்டியதும் ஹைதராபாத் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் சிறிய பாய்மரப் படகுகள் கவிழ்த்து வைக்கப்படுகின்றன. அடிப்பாகம் கழுவப்படுகிறது; விரிசல் உண்டா என்று தடவிப் பார்க்கப்படுகிறது; சென்ற ஆண்டின் பாய்கள் விரிக்கப்பட்டு, இன்னும் ஒரு பருவத்துக்குத் தாங்குமா என்று எடைபோடப்படுகின்றன. ஜூலையில் தொடங்கும் போட்டிகளுக்கான ஆயத்தம் இது.

டிங்கி எனப்படும் இந்தச் சிறு படகுகளில் இயந்திரம் கிடையாது, அறை கிடையாது, ஒருவர் அல்லது இருவர் மட்டுமே ஏறலாம். ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்குப் பாய்மரப் படகுப் பதக்கங்களைத் தந்தவை பெரும்பாலும் இத்தகைய படகுகள்தாம். ஆனால், வரிச் சட்டத்தின் பார்வையில் எட்டு வயதுச் சிறுமி ஓட்டும் படகும், கோடீஸ்வரர் ஒருவர் உல்லாசப் பயணத்துக்கு வாங்கும் சொகுசுப் படகும் ஒரே இனம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்தில் இரண்டுமே 40 சதவீதப் பட்டியலில் இடம்பெற்றன.

புதிய பருவத்துக்குப் புதிய பாய் வாங்கலாமா, பழையதையே தைத்து ஓட்டலாமா என்ற கேள்வி ஏரிக்கரையில் எழுகிறது. அதற்கான விடையில் ஒரு பகுதி தில்லியில் எழுதப்படுகிறது.

காற்றைப் பொறுத்தே பருவம்

இந்தியாவில் பாய்மரப் படகுப் போட்டிகளுக்கு நாடு முழுவதற்குமான ஒரே பருவம் இல்லை. மும்பைத் துறைமுகத்தில் மழைக்காலம் முடிந்த பிறகு, அக்டோபர் முதல் மே வரை படகுகள் இறங்குகின்றன. பருவமழை கொட்டும் மாதங்களில் அங்கு கடல் கொந்தளிப்பதால் படகுகள் கரையேறிவிடுகின்றன. அதே மாதங்களில் ஹைதராபாதில் நிலைமை நேர்மாறு. கடலிலிருந்து வெகுதொலைவில், தக்காணப் பீடபூமியின் மீது அமைந்த ஹுசேன் சாகரில் மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று ஜூலை மாதத்தில் போட்டிக்கேற்ற வேகத்தில் கிடைக்கிறது. எனவேதான் அந்த மாதத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் படகு வீரர்கள் அங்கு திரள்கின்றனர்.

16-ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாஹி மன்னர் இப்ராஹிமின் ஆட்சியில் அமைக்கப்பட்ட ஏரி அது. நடுவே 1992-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட புத்தர் சிலை. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். அவற்றின் மீது மோதித் திரும்பும் காற்று நிமிஷத்துக்கு நிமிஷம் திசை மாறுகிறது. திறந்த கடலில் பழகியவர்களுக்கு இது பெரும் சோதனை. அந்த ஏரியிலேயே வளர்ந்த சிறுவர்களுக்கோ, நீரின் மேற்பரப்பில் ஓடும் கருமையான சிற்றலைகளைக் கண்டே அடுத்த காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடும் பழக்கம் கைவந்துவிடுகிறது.

ஏரியின் மாசு தனிப் பிரச்னை. கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் சுக்கானிலும் நடுப்பலகையிலும் படிகின்றன. கடலில் உப்பு உலோகத்தை அரிப்பதுபோல, இங்கு கசடு ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறது. நாள்தோறும் நல்ல தண்ணீரில் படகைக் கழுவுவது இரண்டு இடங்களிலும் தவறாத விதி.

படகிலிருந்து தொடங்கும் சோதனை

சிறுவர்கள் முதலில் ஏறுவது ஆப்டிமிஸ்ட் வகைப் படகில். 15 வயதுக்கு உட்பட்டோருக்கான இப்படகின் நீளம் சுமார் 2.3 மீட்டர். கூட்டின் எடை 35 கிலோ. பாயின் பரப்பு சுமார் 3.3 சதுர மீட்டர். 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர் இதை வடிவமைத்தார். சாதாரணக் குடும்பங்களின் குழந்தைகளுக்காக, இரண்டு ஒட்டுப்பலகைகளை அறுத்து, 50 டாலருக்கும் குறைந்த செலவில் செய்துவிட வேண்டும் என்பதே அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. ஏழைப் பிள்ளைகளின் படகாகப் பிறந்த அது இன்று ஆடம்பரப் பொருள்களின் பட்டியலில் வந்து நிற்கிறது.

அடுத்த படி ஐஎல்சிஏ. கனடா நாட்டின் புரூஸ் கிர்பி வடிவமைத்து, 1970-களின் தொடக்கத்தில் 'லேசர்' என்ற பெயரில் சந்தைக்கு வந்த படகு இது. வணிகப் பெயர் தொடர்பான தகராறு காரணமாக 2019 முதல் ஐஎல்சிஏ என்று அழைக்கப்படுகிறது. நீளம் 4.23 மீட்டர். கூட்டின் எடை 59 கிலோ அளவில் இருக்கும். கூடு ஒன்றே, பாய் மட்டும் மூன்று அளவுகளில் கிடைக்கிறது. இளையோருக்கான ஐஎல்சிஏ-4 பாயின் பரப்பு 4.7 சதுர மீட்டர். ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட்டும் ஐஎல்சிஏ-6 பாய் 5.76 சதுர மீட்டர். ஆண்களுக்கான ஐஎல்சிஏ-7 பாய் 7.06 சதுர மீட்டர். பிள்ளை வளர வளரப் படகை மாற்ற வேண்டியதில்லை; பாயையும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் மாற்றினால் போதும். வசதி குறைந்த நாடுகளில் இப்படகு பரவியதற்கு இது முக்கிய காரணம்.

பருவத்துக்கு முன் முதலில் பார்க்கப்படுவது படகின் கூட்டுக்குள் நீர் கசிகிறதா என்பது. பாய்மரம் நிற்கும் குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டுவைப்பர். மட்டம் குறைந்தால் குழியின் அடியில் விரிசல் இருக்கிறது என்று பொருள். அந்த விரிசலைக் கவனியாமல் பலத்த காற்றில் இறங்கினால் மரத்தோடு மேல்தளமும் பெயர்ந்துவிடக்கூடும். கண்ணாடியிழைக் கூட்டுக்குள் நீர் ஊறினால் படகின் எடை கூடும். ஓரிரு கிலோ கூடினாலே இலேசான காற்றில் பின்தங்க நேரிடும்.

அடுத்தது பாய்மரம். இரண்டு துண்டுகளாகப் பொருந்தும் இம்மரத்தின் மேல்துண்டு நெடுங்காலம் அலுமினியத்தால் ஆனதாக இருந்தது. பலத்த காற்றில் அது வளைந்துவிடும். சமதரையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பின்னாளில் கூட்டிழையால் ஆன மேல்துண்டுக்கு அனுமதி கிடைத்தது. அது வளைந்து நிலைத்துவிடுவதில்லை. விலை மட்டும் கூடுதல். அதேபோல், தடித்த துணியில் தைக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைப் பாய், பழைய பாயைவிட நெடுநாள் வடிவம் குலையாமல் இருக்கிறது. அதை மடிக்கக் கூடாது; சுருட்டியே வைக்க வேண்டும். மடித்த இடத்தில் துணி தளர்ந்துவிடும் என்பதை முதல் நாள் பாடமாகவே சிறுவர்களுக்குச் சொல்லித் தருகின்றனர்.

பிறகு கயிறுகள். பாயின் வயிற்றைத் தட்டையாக்கவும் உப்ப வைக்கவும், கீழ்க்கழியை அழுத்திப் பிடிக்கவும் தனித்தனிக் கயிறுகளும் கப்பிகளும் உள்ளன. இழுத்தால் நீளாத டைனீமா இழைக் கயிறு வந்த பிறகு இந்தச் சரிக்கட்டலை ஓட்டத்தின் நடுவே ஒற்றைக் கையால் செய்ய முடிகிறது. தேய்ந்த கயிறு ஒன்று, மூன்று நாள் போட்டியின் கடைசிச் சுற்றில் அறுந்து பதக்கத்தைப் பறித்துவிடக்கூடும். எனவே கயிறுகளைச் சாண் சாணாக விரலால் தடவிச் சோதிப்பது வழக்கம். படகுக்கு வெளியே சாய்ந்து எடை கொடுப்பவரின் கால்களைத் தாங்கும் பட்டையின் கட்டும் அப்படியே சோதிக்கப்படுகிறது. அது அறுந்தால் ஓட்டுபவர் நீரில் விழுவார், படகு கவிழும்.

உடுப்பிலும் விதிகள்

உடுப்பும் இவ்விளையாட்டில் கருவியே. மிதவைச் சட்டை, வழுக்காத காலணி, கையுறை, நீர் தெறிப்பைத் தடுக்கும் மேற்சட்டை ஆகியவை அடிப்படைத் தேவைகள். ஐஎல்சிஏ ஓட்டுவோர் தொடைப்பகுதியில் கம்பைகள் வைத்துத் தைத்த கால்சட்டை அணிகின்றனர். படகின் விளிம்பில் அமர்ந்து உடலை வெளியே நீட்டிக் கிடக்கும்போது தொடையில் விழும் அழுத்தத்தை அது பரப்பிவிடுகிறது. ஐரோப்பியர்களுக்குக் குளிரைத் தாங்கும் ரப்பர் உடை தேவை. இந்தியர்களுக்கோ வெயிலே எதிரி. முழுக்கை வைத்த மெல்லிய உடுப்பும், கயிறு கட்டிய தொப்பியும், கருப்புக் கண்ணாடியும் இல்லாமல் நான்கு மணி நேரம் நீரில் இருக்க முடியாது.

ஒரு காலத்தில் உடல் எடையைக் கூட்டுவதற்காக நனைந்த கம்பளிச் சட்டைகளை அடுக்கி அணியும் உத்தி இருந்தது. இப்போது, அணிந்துள்ள உடைகள் நனைந்த நிலையில் 8 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. வகைகளுக்கேற்ப இந்த வரம்பு இன்னும் குறையலாம். 420, 29-இஆர், 49-இஆர் போன்ற படகுகளில் கம்பியில் தொங்கி ஓடுவோர், ஆபத்து நேரத்தில் நொடியில் கழற்றிக்கொள்ளத்தக்க கொக்கியுள்ள இடைப்பட்டையையே அணிய வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. படகு கவிழ்ந்து கம்பியில் சிக்கி நீருக்கடியில் மாட்டிக்கொள்வதைத் தவிர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட விதி இது. அவ்வளவில் நாட்டில் இருந்த பழைய இடைப்பட்டைகள் போட்டிக்கு உதவாதவையாயின. ஒவ்வொரு கிளப்பும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

உலக பாய்மரப் படகுக் கூட்டமைப்பின் போட்டி விதிகள் ஒலிம்பிக்கை ஒட்டி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. 2025 முதல் 2028 வரையிலான விதித்தொகுப்பு 2025 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. போட்டிக்கு முன்னர் நடக்கும் அளவைச் சோதனையில் பாயின் எண், படகின் பதிவுத் தகடு, கருவிகளின் அளவு ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஆப்டிமிஸ்ட் படகானால் மூன்று காற்றுப் பைகள், நீரை இறைக்கும் பாத்திரம், துடுப்பு, குறைந்தது 8 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் இழுவைக் கயிறு ஆகியன இருக்க வேண்டும். சிறுவரின் மிதவைச் சட்டையில் ஊதல் தொங்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தகுதியிழப்பு நேரலாம்.

உடல் எடையும் ஒரு கருவி

படகைப் போலவே உடலையும் பருவத்துக்கு முன் தயார் செய்ய வேண்டியுள்ளது. ஐஎல்சிஏ-7 படகைச் சிறப்பாக ஓட்ட 80 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஏற்றது என்பது உலகளாவிய அனுபவம். இந்திய இளைஞர்கள் பலருக்கு அந்த எடையைத் தசையாகச் சேர்ப்பதே முதல் சவால். முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள தசைகள் மணிக்கணக்கில் தாங்க வேண்டும். எடை குறைந்தவர் பலத்த காற்றில் பாயைத் தளர்த்திவிட நேரும்; பாய் தளர்ந்தால் வேகம் போகும். எனவே, கோடையின் பெரும்பகுதி நீரில் அல்லாமல் உடற்பயிற்சிக் கூடத்தில் கழிகிறது. சத்துணவுக்கான செலவும் கருவிகளுக்கான செலவோடு சேர்ந்துகொள்கிறது.

யாருடைய விளையாட்டு?

பாய்மரப் படகு என்றதும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எழுவது இயல்பே. 1846-இல் தோன்றிய ராயல் பம்பாய் யாட் கிளப்பும், 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் ஆங்கிலேயர்களின் கேளிக்கைக்காக உருவானவைதாம். சுதந்திரத்துக்குப் பின் இவ்விளையாட்டைத் தாங்கி நின்றவை முப்படைகள். 1960-இல் உருவான இந்திய யாட்டிங் சங்கத்தின் தலைமையகம் தில்லியில் உள்ளது. நெடுங்காலம் கடற்படையின் உயரதிகாரிகளே அதற்குத் தலைமை வகித்தனர். மும்பையில் ராணுவத்தின் பாய்மரப் படகுப் பயிற்சி மையமும் கடற்படையின் பயிற்சி மையமும் உள்ளன. செகந்தராபாதில் ராணுவ மின்-இயந்திரப் பொறியியல் பிரிவின் படகுச் சங்கம் ஹுசேன் சாகரில் போட்டிகளை நடத்தி வந்துள்ளது.

படைகளின் பங்கு பதக்கப் பட்டியலில் தெரிகிறது. 1993-94-ஆம் ஆண்டுக்கான ராஜீவ் கேல் ரத்னா விருதைப் பகிர்ந்துகொண்ட ஹோமி மோதிவாலா, பி.கே. கர்க் இருவரும் கடற்படை அதிகாரிகள். டோக்கியோ, பாரீஸ் ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் ஐஎல்சிஏ-7 பிரிவில் போட்டியிட்ட விஷ்ணு சரவணன், வேலூரைச் சேர்ந்த ராணுவக் குடும்பத்தின் பிள்ளை. தானும் ராணுவத்தில் பணியாற்றுபவர். டோக்கியோவில் 20-ஆம் இடம் பெற்ற அவர் பாரீஸில் 18-ஆம் இடத்துக்கு முன்னேறினார். படையில் சேர்ந்த வீரருக்குப் படகு, பாய், பயணச் செலவு எல்லாம் அரசின் பொறுப்பு.

படைக்கு வெளியே நின்று சாதித்தவர்கள் மிகச் சிலர். 1982 தில்லி ஆசியப் போட்டிகளின் பாய்மரப் படகுப் பந்தயங்கள் மும்பையில் நடந்தபோது ஃபாரூக் தாராபூர், ஜரீர் கரஞ்சியா இணை ஃபயர்பால் பிரிவில் தங்கம் வென்றது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-இல் டோக்கியோவில் 35-ஆம் இடம். 2024-இல் பாரீஸில் 21-ஆம் இடம். அந்த முன்னேற்றத்துக்காக அவர் ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் பயிற்சி பெற வேண்டியிருந்தது. 2014-இல் தொடங்கப்பட்ட ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தின் உதவி இத்தகைய வீரர்களுக்குக் கிடைத்தது. ஆனால், அவ்வுதவி உச்சத்தை நெருங்கியவர்களுக்கானது. தொடக்க நிலையில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கானது அன்று.

அந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவற்றில் இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, மத்தியப் பிரதேசத்தில். கடலே இல்லாத அம்மாநிலத்தின் தலைநகர் போபாலில், ராஜா போஜ் காலத்து ஏரியில் அமைந்த தேசிய பாய்மரப் படகுப் பள்ளி கிராமப்புறப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கிறது. தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகள் நேஹா தாக்குர் அங்கு பயின்றவர். 2023-இல் சீனாவில் நடந்த ஹாங்ஜெள ஆசியப் போட்டிகளில் ஐஎல்சிஏ-4 பிரிவில் அவர் வெள்ளி வென்றார். 2018 ஜகார்த்தா போட்டிகளில் லேசர் 4.7 பிரிவில் வெண்கலம் வென்ற ஹர்ஷிதா தோமரும் போபாலில் பயின்றவர். மற்றொன்று, ஹைதராபாதில். அங்குள்ள தனியார் கிளப் ஒன்று, அரசுப் பள்ளிகளிலும் எளிய குடும்பங்களிலும் இருந்து சிறுவர் சிறுமியரைத் திரட்டி ஹுசேன் சாகரில் பயிற்சி அளித்து வருகிறது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் பதக்கம் பெறும் நிலை அதனால் உருவானது.

இத்தகைய கிளப்புகளில் ஒரு பாய் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. போட்டிக்கு ஒரு பாய், பயிற்சிக்கு ஒரு பாய் என்று பிரித்துவைத்து, போட்டிப் பாய் பழசானதும் பயிற்சிக்கு இறங்குகிறது. பயிற்சிப் பாய் கிழிந்ததும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் போகிறது. மிதவைச் சட்டைகளும் காலணிகளும் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போவதுபோல் கைமாறுகின்றன. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால், பாய் என்பது வடிவத்தால் இயங்கும் கருவி. துணி தளர்ந்த பாயில் எவ்வளவு திறமை இருந்தாலும் காற்றுக்கு எதிராக மேலேற முடியாது.

ஒலிம்பிக்கில் ஐஎல்சிஏ படகுகளை அமைப்பாளர்களே வழங்குகின்றனர். எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த புதுப் படகு, புதுப் பாய். அது நியாயமான ஏற்பாடு. எனினும், ஆண்டு முழுவதும் புதிய கருவியில் பழகிய ஐரோப்பியரும், தளர்ந்த பாயில் பழகிய இந்தியரும் அதே புதிய படகில் ஏறும்போது சமநிலையில் இருப்பதில்லை. பழைய பாய்க்கேற்பப் பழகிய கைகள் புதிய பாயின் இழுப்பை அறிய நாள் பிடிக்கும்.

இரண்டு பதக்கங்கள், இரண்டு வரிகள்

இங்குதான் வரிப் பட்டியலின் முரண்பாடு வெளிப்படுகிறது. சுங்கப் பட்டியலின் 8903-ஆம் தலைப்பு, 'யாட்டுகள் மற்றும் கேளிக்கை அல்லது விளையாட்டுக்கான பிற கலங்கள்' என்று தொடங்குகிறது. 'கேளிக்கை அல்லது விளையாட்டு' என்ற சொற்றொடரில் உள்ள 'அல்லது' என்னும் ஒரு சொல், பல கோடி ரூபாய்ச் சொகுசுப் படகையும் 35 கிலோ எடையுள்ள சிறுவர் படகையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்துவிடுகிறது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது இத்தலைப்புக்கு 28 சதவீத வரியும் அதற்கு மேல் 3 சதவீத இழப்பீட்டு மேல்வரியும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் விகிதங்கள் சீரமைக்கப்பட்டபோது, சொகுசுப் பொருள்களுக்கென உருவாக்கப்பட்ட 40 சதவீத விகிதத்துக்கு இது மாற்றப்பட்டது.

அதே சீரமைப்பில் விளையாட்டுப் பொருள்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கிரிக்கெட் மட்டைக்கும் ஹாக்கிக் கட்டைக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. அவை இடம்பெற்றுள்ள 9506-ஆம் தலைப்பிலேயே, பாய் பொருத்திய அலைப்பலகையும் வருகிறது.

இதன் விளைவை ஹாங்ஜெள போட்டிகளின் பதக்கங்களைக் கொண்டே விளக்கலாம். அங்கு பாய்மரப் படகில் இந்தியா மூன்று பதக்கங்களைப் பெற்றது. நேஹா தாக்குரும், வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணனும் ஓட்டியவை படகுகள். மற்றொரு வெண்கலம் வென்ற இபாத் அலி ஓட்டியது பாய் பொருத்திய அலைப்பலகை. மூவரும் ஒரே அணி, ஒரே சங்கம், காற்றும் நீரும் ஒன்றே. சுங்கப் பட்டியலின்படி பலகை விளையாட்டுப் பொருள். படகோ யாட்டின் உறவு.

கணக்கு எளிது. சுங்க வரியைச் சேர்க்காமல் ரூ.5 லட்சம் மதிப்புள்ள படகு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பழைய விகிதத்தில் அதற்கு ரூ.1.55 லட்சம் வரி. புதிய விகிதத்தில் ரூ.2 லட்சம். விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்டிருந்தால் ரூ.25 ஆயிரம் மட்டுமே. இந்த வேறுபாட்டுத் தொகையில் பல பாய்களும் ஒரு குழுவுக்கான மிதவைச் சட்டைகளும் வாங்கிவிடலாம்.

உள்நாட்டிலேயே செய்துகொள்ளலாமே என்ற கேள்வி எழலாம். ஐஎல்சிஏ போன்ற படகுகளில் கூடு, பாய், மரம், சுக்கான் எல்லாம் சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கட்டுநர்களிடமிருந்தே வர வேண்டும். வெளியில் தைத்த பாய் பயிற்சிக்கு உதவும், போட்டிக்கு உதவாது. எல்லாருக்கும் ஒரே கருவி என்ற சமத்துவ விதியே, இறக்குமதியைத் தவிர்க்க முடியாததாக்கிவிடுகிறது.

விலக்கு இருந்தும் எட்டாதவர்கள்

விளையாட்டுக் கருவிகளின் இறக்குமதிக்கு அரசு கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை. 1994-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சுங்க அறிவிக்கை ஒன்று, தேசிய அளவிலான விளையாட்டு அமைப்புகள் தருவிக்கும் கருவிகளுக்கும், சாதனை படைத்த வீரர்கள் தங்கள் பயிற்சிக்காகத் தருவிப்பவற்றுக்கும் சுங்க விலக்கு அளிக்க வழிசெய்தது. சாதனையாளருக்கு விலக்கு என்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், சாதனை படைக்கும்வரை கருவி எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் விடை இல்லை. மாவட்ட அளவிலான கிளப்பும், மகளுக்குப் பாய் வாங்க விரும்பும் தந்தையும் முழு வரியையும் செலுத்த வேண்டியுள்ளது.

சிறுவர் படகுக்குச் சலுகை தந்தால் அதைப் பயன்படுத்திச் சொகுசுப் படகுகளும் நுழைந்துவிடும் என்ற அச்சம் வருவாய்த் துறைக்கு இருக்கலாம். அதைப் போக்குவது கடினமன்று. 2022-ஆம் ஆண்டின் உலகச் சுங்க வகைப்பாடு, 7.5 மீட்டருக்கு மேற்படாத பாய்மரப் படகுகளுக்குத் தனி உட்பிரிவு வகுத்துள்ளது. தவிரவும், ஆப்டிமிஸ்ட், ஐஎல்சிஏ போன்ற ஒவ்வொரு படகிலும் உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரத் தகடும் தனி எண்ணும் உண்டு. நீளத்தையும் தகட்டையும் ஒருசேரப் பார்த்தால் எது போட்டிப் படகு, எது உல்லாசப் படகு என்பது சுங்கச் சாவடியிலேயே விளங்கிவிடும். ஆண்டுக்கு இறக்குமதியாகும் இத்தகைய படகுகள் சொற்பமே என்பதால் அரசு இழக்கும் வருவாயும் பெரிதாக இராது.

வரி விகிதத்தை முடிவு செய்வது சரக்கு மற்றும் சேவை வரிக் கவுன்சில். மத்திய நிதியமைச்சர் அதன் தலைவர். மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் மாநிலங்களின் ஒட்டுமொத்த வாக்குமதிப்பு மூன்றில் இரு பங்கு. படகுப் பள்ளி நடத்தும் மத்தியப் பிரதேசமும், ஹுசேன் சாகரைக் கொண்ட தெலங்கானாவும், மும்பையை உடைய மகாராஷ்டிரமும், ஒலிம்பிக்குக்கு வீரர்களை அனுப்பிய தமிழ்நாடும் அக்கவுன்சிலில் அமர்ந்துள்ளன. கட்சி வேறுபாடின்றி இம்மாநிலங்கள் பேசக்கூடிய பிரச்னை இது. தங்கள் விளையாட்டு வீரர்கள் பதக்கத்துடன் திரும்பும்போது பரிசுத் தொகை அறிவிக்க முந்தும் மாநில அரசுகள், அவர்கள் புறப்படும் முன் ஏற்றப்படும் சுமையையும் கவனிக்கலாம்.

நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுக்களில் பெண்களுக்கும் சிறந்த வீரர்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது. ஈரக் கயிற்றை இழுத்துக் கை காய்த்தவர்கள் அந்த இருக்கைகளில் அமர்ந்தால், கருவிகளைப் பொதுவில் வாங்கி மாநிலக் கிளப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு போன்றவை பேச்சுக்கு வரும்.

காற்று காத்திராது

2026-இல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசியப் போட்டிகள், 2028-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் என்று இலக்குகள் வரிசையாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு அப்பால் ஓட வேண்டியவர்கள் இப்போது ஆப்டிமிஸ்டில் இருப்பவர்கள். ஒரு பிள்ளை அப்படகில் ஓடக்கூடிய காலம் எட்டு வயது முதல் பதினைந்து வரை, ஏழு பருவங்கள். அதில் இரண்டு பருவங்கள் நல்ல பாய் இல்லாமல் கழிந்தால் அவற்றை எந்த அறிவிக்கையாலும் திருப்பித் தர முடியாது.

ஹுசேன் சாகர் கரையில் ஆயத்த வேலைகள் மாலைவரை நீள்கின்றன. உப்புத்தாளால் தேய்த்த சுக்கான் காய வைக்கப்படுகிறது. பாயின் கிழிசல் ஒட்டப்படுகிறது. பழைய இடைப்பட்டையிலிருந்து நல்ல கொக்கிகள் கழற்றிச் சேமிக்கப்படுகின்றன. போட்டி நாளன்று எச்சரிக்கைக் கொடி ஏறியதிலிருந்து ஐந்தாவது நிமிஷம் புறப்பாடு. எந்தப் படகில் புதுப் பாய், எதில் ஒட்டுப் போட்ட பாய் என்று அந்தக் கொடி பார்ப்பதில்லை.